ராசாவாக்கிப் படம் எடுக்கிற கடை: அப்பாட 70ஆவது பிறந்தநாளுக்குப் போன ரிவ்யூ

முதல்லயே சொல்லிப்போடுறன், கடைட பேர் போடமாட்டன். நல்லதும் எழுதப்போறன் குறையும் எழுதப்போறன், பேர் போட்டா ஒரு பக்கத்தால விளம்பரம் மத்தப் பக்கத்தால சண்டை, ரெண்டும் எனக்கு வேணாம். மட்டக்களப்பு டவுன்ல இருந்து கல்லடிப் பாலம் தாண்டிப் போனா மெயின் ரோட்டால கடல் பக்கமா இறங்குற ஒழுங்கை ஒண்டுல மேல்மாடில இருக்கு. கீழ ஒரு டெயிலர், பக்கத்துல ஒரு தேத்தண்ணிக் கடை. மேல யன்னலுக்கு வெளில, மயிலிறகு குத்தின தொப்பியோட ஒரு வெள்ளக்காரன்ட பெரிய படம் தொங்கும். அதான் அடையாளம்.

என்ன கடை எண்டா ராசா உடுப்புப் போட்டு சிம்மாசனத்துல இருத்திப் படம் எடுக்கிற ஸ்டூடியோ. இப்ப சாமத்தியச் சடங்குக்கும் கலியாணத்துக்கும் எல்லா ஸ்டூடியோக்காரரும் ஒரு சிவப்பு வெல்வெட் சிம்மாசனம் வச்சிருக்காங்கதானே, அதில என்ன புதுசு எண்டு நானும் நினைச்சன். புதுசு என்ன எண்டா இவரிட்ட சோழன், பாண்டியன், சங்கிலியன் உடுப்பு ஒண்டும் இல்ல. தன்ன ராசா எண்டு தானே நம்பிக்கொண்டு திரிஞ்ச ஆக்கள்ட உடுப்பு மட்டும்தான். கோல்டு பெக்கேஜ், சில்வர் பெக்கேஜ் எண்டெல்லாம் இல்ல, நோட்டன் செட், பொக்காசா செட், பட்டகோனியா செட் எண்டுதான் விலைப் பட்டியல்ல போட்டிருக்கு. ஏன் இப்பிடி எண்டு கேட்டன். "சோழன்ட உடுப்பப் போட்டா ஆம்புளையள் எல்லாரும் படத்துல வாற மாதிரி மீசைய முறுக்குறாங்க அண்ணே, நூறு படம் எடுத்தா நூறும் ஒரே முகம்" எண்டார்.

முதலாளி ஒரு காலத்துல கலியாண வீடியோக்கு லைட் புடிச்ச ஆள். இப்ப உலகத்துல உள்ள விசர் ராசாக்கள்ட கதை முழுக்க வாய்ல வச்சிருக்கார். லைட்ட அங்கால இஞ்சால தள்ளிக்கொண்டே கதை சொல்லுவார், கதை ஓடக்க வாற முகத்தத்தான் படம் புடிப்பார். சும்மா பொழுது போகல்ல எண்டு கதைக்கிறார் எண்டு நான் முதல் நினைச்சன், அது அவர்ட தொழில் எண்டு புறகுதான் விளங்கிச்சு.

நாங்க ஏன் போன எண்டா அப்பாக்கு 70. எங்கட ஊர் படுவான்கரை, கொக்கட்டிச்சோலைப் பக்கம். அப்பா வாலிபத்துல வடமோடிக் கூத்துல தருமரா ஆடினவர், ஒருக்கா ஆடினதுக்கு இண்டைக்கும் ஊருல "தருமர் வாறார்" எண்டுதான் சொல்லுவாங்க, அவர்ட சொந்தப் பேர் வாக்காளர் இடாப்புல மட்டும்தான் இருக்கு. கரப்புடுப்பும் முடியும் போட்டு வட்டக்களரில அவர் வரவு ஆடினத அம்மா இப்பவும் சொல்லுவா, ஆனா ஒரு படம் கூட இல்ல. அந்தக் காலத்துல ஆரு கமரா வச்சிருந்த. அதால தங்கச்சிதான் பேஸ்புக்ல இந்தக் கடையக் கண்டு புக் பண்ணினாள். கூத்து முடி கேட்டா இல்ல எண்டாங்க, சரி எண்டு நோட்டன் செட்ட எடுத்தம். 18,500 ரூபா, அட்வான்ஸ் 5,000. அல்பம் ஒண்டு, பெரிய ஃப்ரேம் ஒண்டு, அதோட "ராசா காசு" 20 தாள். இந்தக் காசுக் கதைய கடைசில சொல்றன்.

குறைகள முதல் சொல்லி முடிச்சிடுவம். ஏ.சி வேலை செய்யல்ல. வைகாசி மாச வெக்கைல ரெண்டு மேசை ஃபேன்தான், அதுவும் படம் எடுக்கக்க தொப்பிட இறகு ஆடுது எண்டு ஓஃப் பண்ணிருவாங்க. உடுப்புல பூச்சிக் குளிசை மணம், தலை இடிக்கும். படி செங்குத்து, முழங்கால் வருத்தம் உள்ள ஆக்கள ரெண்டு பேர் புடிச்சுத்தான் ஏத்தணும். பட்டகோனியா செட் எண்டு ஒரு கம்பளிப் போர்வை வச்சிருக்காங்க, அத இந்த ஊருல போட நினைச்சதே ஒரு விசர்தான். அது ஓரேலி அன்ட்வான் எண்ட பிரான்ஸ் நாட்டு வக்கீல் ஒருத்தன்ட செட்டாம். தென்னமெரிக்காக்குப் போய் 1860ல மப்புச்சே எண்ட பழங்குடி ஆக்கள்ட மண்ணுல நிண்டு நான்தான் அரவுக்கானியாக்கும் பட்டகோனியாக்கும் ராசா எண்டு அறிவிச்சிருக்கான். சிலி அரசாங்கம் 1862ல புடிச்சு, இவனுக்கு விசர் எண்டு முடிவு கட்டி ஊருக்கு அனுப்பிட்டு. மச்சான் அதப் போட்டு ரெண்டு நிமிசம் நிண்டுட்டு நானும் ஊருக்குப் போறன் எண்டு கழட்டிப்போட்டார்.

பொம்புளையளுக்கு இந்தக் கடைல ஒண்டுமில்ல எண்டே சொல்லலாம். ஒரே ஒரு வெள்ளக் கவுனும் கல்லு வச்ச கிரீடமும், பேர் அனஸ்டாசியா செட். அம்மா ஆசையாத்தான் கைல எடுத்தா. முதலாளி கதையத் தொடங்கினார். ரஷ்யா சக்கரவர்த்திட குடும்பத்த 1918ல சுட்டுக் கொண்டவங்க, கடைசி மகளுக்கு 17 வயசு. ரெண்டு வருசத்தால பெர்லின்ல கால்வாய்க்குள்ள குதிச்ச ஒரு பொம்புளையக் காப்பாத்தினா, அவ கொஞ்ச நாள் பேர் ஊர் ஒண்டும் சொல்லாம இருந்துட்டு புறகு நான்தான் அந்த மகள் எண்டு சொல்லிட்டா. அன்னா அண்டர்சன் எண்டு உலகம் முழுக்கப் பேர். ஜெர்மனி கோட்டுல முப்பது வருசத்துக்கு மேல வழக்கு. 1984ல அமெரிக்கால சாகுமட்டும் அத மாத்தவேயில்ல. செத்துப் பத்து வருசத்தால டி.என்.ஏ பார்த்தா, அந்தக் குடும்பத்துக்கும் இவவுக்கும் ஒரு தொடர்பும் இல்ல, போலந்துப் பக்கத்துத் தொழிற்சாலைத் தொழிலாளி எண்டு வந்திச்சு. அம்மா முழுக்கக் கேட்டுட்டு கிரீடத்த மெதுவா மேசைல வச்சா. "செத்த புள்ளைட உடுப்பு எனக்கு வேணாங்கா" எண்டா. தன்ட சொந்தச் சீலையோடதான் படத்துக்கு நிண்டா. முதலாளிக்கு ஒரு யோசனை: பொம்புளையளிட்ட கதைய உடுப்புப் போட்டதுக்குப் புறகு சொல்லுங்க.

புள்ளையளக் கையாளுற விசயத்துல மட்டும் நூத்துக்கு நூறு குடுப்பன். தங்கச்சிட மகனுக்கு அஞ்சு வயசு, ஒரு இடத்துல நிக்கிற புள்ளை இல்ல, எந்த ஸ்டூடியோக்குக் கொண்டு போனாலும் முதுகுதான் படத்துல வரும். முதலாளி அவன ஒரு சின்னக் கதிரைல தூக்கி வச்சு காதுக்குள்ள சொன்னார். பிரான்ஸ்ல ஆறாம் சார்ள்ஸ் எண்டு ஒரு ராசா இருந்தவர், இந்தக் கடைல உள்ளதுல இவர் ஒருத்தர்தான் நிசமான ராசா, 1380ல இருந்து 1422 வரைக்கும் ஆண்டவர். ஆனா தான் கண்ணாடியால செஞ்ச ஆள் எண்டு நம்பினவர். ஆராவது தொட்டா உடைஞ்சிருவன் எண்டு பயந்து உடுப்புக்குள்ள இரும்புக் கம்பி வச்சுத் தைச்சுப் போட்டவர். "இப்ப நீயும் கண்ணாடி, ஆடினா டொப் எண்டு உடைஞ்சிருவ" எண்டார். புள்ளை மூச்சக் கூட மெதுவாத்தான் விட்டான். பத்து நிமிசம். படம் அருமை, கண் ரெண்டும் விரிஞ்சு, கை ரெண்டும் முழங்கால்ல. ஆனா வீட்டுக்கு வந்தும் ரெண்டு நாள் தன்னத் தொட விடல்ல, குளிப்பாட்ட தங்கச்சி பட்ட பாடு வேற. இந்த ராசாக்கு இன்னொரு நேரம் தான் ராசாவே இல்ல எண்டும் வந்திருக்கு, தன்ட பேர் ஜோர்ஜ் எண்டு சாதிச்சாராம். அதப் புள்ளைட்டச் சொல்லாதது நல்லது, சொல்லியிருந்தா இஸ்கூல்ல பேர மாத்திச் சொல்லியிருப்பான்.

பொக்காசா செட்ட மாமா எடுத்தார். விலை கூட, 27,000. கழுகு மாதிரிச் செஞ்ச பெரிய சிம்மாசனம், ரெண்டு பக்கமும் செட்டை விரிச்சு நிக்கும், தெர்மோகோல்தான், சாஞ்சா நெறுக்கெண்டு சத்தம் வரும். பின்னால இழுபடுற நீட்டுச் சிவப்புப் போர்வை. மத்திய ஆபிரிக்கக் குடியரசுல ஜனாதிபதியா இருந்த பொக்காசாக்கு நெப்போலியன்ல பைத்தியம். நாட்டையே பேரரசு ஆக்கி, 1977 டிசம்பர் 4 அண்டைக்கு தன்ட தலைல தானே கிரீடத்த வச்சுக்கொண்டார், நெப்போலியன் செஞ்ச மாதிரியே. அந்த ஏழை நாட்டுக்கு 2 கோடி டொலர் செலவு எண்டு சொல்லுவாங்க. ரெண்டு வருசம் போகல்ல, 1979ல ஆள் லிபியால நிக்கக்க நாட்டுல கதிரைய மாத்திட்டாங்க. கடைசிக் காலத்துல நான் பதின்மூணாவது அப்போஸ்தலன் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவராம். மாமாக்கு இந்தக் கதைல ஒண்டும் ஏறல்ல, அவருக்குக் கவலை கோட்டுப் பொத்தான். பூட்டேலாது. வயிறு.

அதுக்கும் ஒரு கதை வச்சிருக்கார் மனுசன். பொத்தானுக்குப் பின்னால ஊசி குத்திக்கொண்டே சொல்றார், "பரவால்ல ஐயா, டிச்போர்னும் இப்பிடித்தான்" எண்டு. இங்கிலாந்துல ரோஜர் டிச்போர்ன் எண்டு ஒரு பணக்கார வீட்டுப் புள்ளை, மெலிஞ்ச உடம்பு, வளர்ந்தது பிரான்ஸ்ல எண்டதால பிரெஞ்ச்தான் தண்ணி பட்ட பாடு. 1854ல கப்பலோட காணாமப் போயிட்டான். தாய் மட்டும் மகன் சாகல்ல எண்டு பேப்பர்ல விளம்பரம் போட்டுக்கொண்டே இருந்தவ. ஒஸ்ரேலியால வக்கா வக்கா எண்ட ஊருல இருந்து ஒரு இறைச்சிக் கடைக்காரன் நான்தான் உங்கட மகன் எண்டு வந்து நிண்டான். மலை மாதிரி உடம்பு, பிரெஞ்ச் ஒரு சொல்லு வராது. தாய் பார்த்துட்டு இதான் என்ட புள்ளை எண்டுட்டா! அவ செத்ததுக்குப் புறகு சொத்துக் கேட்டு அவனே கோட்டுக்குப் போய்த் தோத்தான், புறகு பொய்ச் சத்தியம் எண்டு வழக்குப் போட்டு 1874ல ஆளுக்கு 14 வருசம் மறியல். 1898ல ஏழையா செத்தான், ஆனா பெட்டில அடிச்ச தகட்டுல சேர் ரோஜர் டிச்போர்ன் எண்டுதான் எழுதியிருந்திச்சாம். அவன் ஏமாத்தினவனா, ஏமாத்தி ஏமாத்திக் கடைசில தானே நம்பிட்டவனா எண்டு எனக்கு இன்னும் விளங்கல்ல. ஊசி குத்தின கோட்டோட மாமாட படம் நல்லா வந்திருக்கு, முன்னால இருந்து பார்த்தா மட்டும்.

ஹொங் சியூச்சுவான் செட் இருக்கா எண்டு நான்தான் வாய வச்சுக்கொண்டு சும்மா இருக்காமக் கேட்டன். முதலாளிட முகம் மாறிட்டு. "அவன்ட உடுப்ப நான் தைக்கமாட்டன் அண்ணே." சீனால அரசாங்க உத்தியோகச் சோதனைல திரும்பத் திரும்பப் ஃபெயில் ஆன மனுசன், வருத்தத்துல படுத்துக் கிடந்து கனவு கண்டு, ஆறேழு வருசத்தால அந்தக் கனவுக்கு அர்த்தம் புடிச்சான்: நான் இயேசுட தம்பி. நம்புறதுக்குப் பத்துப் பேர் வந்து, பத்து லட்சமாகி, 1853ல நான்ஜிங் நகரத்தப் புடிச்சுத் தலைநகர் ஆக்கினான். 1864ல அவனும் செத்து எல்லாம் முடியக்க செத்த சனம் 2 கோடி எண்டு கணக்குச் சொல்றாங்க. நாங்க யுத்தம் பார்த்த ஆக்கள், அந்த இலக்கத்தக் கேட்டதும் ஸ்டூடியோல கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான்.

ஒரு குறை சொல்லணும் எண்டா, எங்கட பக்கத்து ஆள் ஒருத்தன் இவர்ட பட்டியல்ல இல்ல. அம்பாறைக்கு மேற்கால வெல்லஸ்ஸப் பக்கம், 1817ல வில்பாவே எண்டு பிக்குவா இருந்து விட்டுட்டு வந்த ஒருத்தன், நான்தான் நாயக்கர் ராச வம்சத்து துரைசாமி எண்டு காட்டுக்குள்ளால வெளிக்கிட்டவன். கண்டி ராசாவ வெள்ளக்காரன் வேலூருக்கு ஏத்தி அனுப்பின சூட்டோட சூடு, சனம் ஒரு ராசாவத் தேடிக்கொண்டிருந்த நேரம். அடக்க வெள்ளக்காரன் அனுப்பின கண்டிப் பிரதானி கெப்பெட்டிபொலயே அந்தப் பக்கம் சேர்ந்திட்டார். அடுத்த வருசம் ஆள் துரைசாமி இல்ல எண்டு குட்டு வெளிப்பட்டிச்சு, ஆனா அதுக்குள்ள ஊவா முழுக்க எரிஞ்சு முடிஞ்சு, 1818 நவம்பர்ல கெப்பெட்டிபொலட தலையும் போயிட்டு. இத முதலாளிட்டச் சொன்னன். கேட்டுட்டு, "அவன் என்ன உடுத்தான் எண்டு ஒரு படம் கிடைச்சா கொண்டு வாங்க அண்ணே, தைப்பம்" எண்டார். நியாயம்தான்.

இப்ப அப்பாட விசயத்துக்கு வாறன், இந்த ரிவ்யூவ எழுதுறதே அதுக்காகத்தான்.

நோட்டன் செட் எண்டா நீலக் கோட்டு, ரெண்டு தோள்லயும் தங்கக் குஞ்சம், உயரத் தொப்பி, அதில மயிலிறகு, இடுப்புல வாள், கைல தடி. அப்பா உடுத்து முடிச்சு வெளில வந்தார், தொப்பி பெருசு, புருவம் வரைக்கும் இறங்கிட்டு. அம்மா சிரிச்சுட்டா. அப்பாவும் வெக்கத்துல சிரிச்சுக்கொண்டு கதிரை நுனில இருக்கார், ஏதோ கச்சேரில கூப்பிடுற வரைக்கும் காத்துக்கொண்டு இருக்கிற மாதிரி. முதலாளி தொப்பிக்குள்ள பஞ்சு வச்சார், லைட்ட இழுத்தார், கதையத் தொடங்கினார்.

ஜோசுவா நோட்டன். இங்கிலாந்துல பிறந்து தென்னாபிரிக்கால வளர்ந்து 1849ல சான் பிரான்சிஸ்கோக்கு வந்த யாவாரி. நல்லா உழைச்சவன். 1852 கடைசில சீனால பஞ்சம் எண்டு அரிசி ஏத்துமதிய நிப்பாட்டிட்டாங்க, சான் பிரான்சிஸ்கோல அரிசி விலை றாத்தல் 4 சதத்துல இருந்து 36 சதத்துக்கு ஏறிட்டு. அந்த நேரம் பெரு நாட்டுல இருந்து அரிசி ஏத்தின கப்பல் ஒண்டு துறைல வந்து நிக்குது எண்டு ஒருத்தன் வந்து சொல்றான். நோட்டன் யோசிக்கல்ல, கப்பல்ல உள்ள அரிசி முழுக்க எனக்கு எண்டு 25,000 டொலருக்கு விலை பேசி 2,000 டொலர் அட்வான்ஸ் குடுத்திட்டான்...

"எத்தின மூடை?"

அப்பாதான் கேட்டார். சிரிப்பு போயிட்டு. முதலாளி திரும்பிப் பார்த்தார். "2 லட்சம் றாத்தல் ஐயா" எண்டார். அப்பா வாய்க்குள்ள கணக்குப் போட்டார், எங்கட அப்பாக்கு இதுக்கு ஃபோன் தேவையில்ல. "அம்பது கிலோ மூடையில 1,800 வரும்" எண்டார். "சரி, சொல்லுங்க. புறகு மத்தக் கப்பலும் வந்திச்சா?"

கதைய அவர் முன்னமே கேட்டதில்ல. ஆனா அவருக்குத் தெரியும்.

நான் சின்னப் புள்ளையா இருக்கக்க ஒரு பெரும்போகம், சூடடிச்ச நெல்ல விக்காம, ஊராக்கள்ட நெல்லையும் கடனுக்கு வாங்கி மால்ல அடுக்கி வச்சவர் அப்பா. ரெண்டு மாசத்துல விலை ஏறும் எண்டு ஒரு யாவாரி சொன்ன சொல்லு. தருமர் இனிப் போடியார், பெரிய வயல்காரர் எண்டு ஊருல பகிடியும் விட்டாங்க. மால் நிரம்பி வீட்டு விறாந்தைலயும் மூடை, நாங்க புள்ளையள் அதுக்கு மேல ஏறி ஒளிச்சு விளையாடினம், அந்த மணம் இப்பவும் மூக்குல இருக்கு. புறகு வெளிநாட்டு அரிசி கப்பல்ல வந்திறங்கிச்சு. விலை விழுந்திச்சு. மெசின் போனது, அம்மாட காப்பு போனது, மேட்டு வளவும் போனது. அப்பா அந்த வருசம் கோயில் சடங்குக்குக் கூட வெளிக்கிடல்ல, அதுக்குப் புறகு காலுல சதங்கை கட்டினதும் இல்ல.

முதலாளிக்கு இது ஒண்டும் தெரியாது. அவர் தன்ட பாட்டுல சொல்றார். அடுத்தடுத்த நாள் பெருவுல இருந்து மத்தக் கப்பல் எல்லாம் வந்து இறங்கி, அரிசி றாத்தல் 3 சதத்துக்கு விழுந்திட்டு. நோட்டன் கோட்டுக்குப் போனான், வருசக் கணக்கா இழுத்து, மேல் கோட்டுல தோத்தான். 1856ல வங்குரோத்து. கொஞ்சக் காலம் ஆள் எங்க எண்டே தெரியாது. 1859 செப்டம்பர் 17 அண்டைக்கு ஒரு பத்திரிகைக் கந்தோருக்குப் போய் ஒரு தாளக் குடுத்தான். அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு நான்தான் சக்கரவர்த்தி எண்டு அதில எழுதியிருந்தான். பத்திரிகைக்காரனும் பகிடிக்கு அப்பிடியே போட்டுட்டான்.

"அவன்ட பொண்டாட்டி ஒண்டும் சொல்லல்லியா?" இது அப்பா.

"கலியாணம் கட்டல்ல ஐயா."

"ம். அதான்." அம்மாவ ஒரு பார்வை. அம்மா சீலைத் தலைப்ப இழுத்து விட்டுக்கொண்டா, ஒண்டும் கதைக்கல்ல.

அதுக்குப் புறகு அப்பா கதிரை நுனில இருந்து பின்னால சாஞ்சு இருந்தார். தடிய ரெண்டு கையாலயும் புடிச்சார். முதலாளி ஒரு பக்கம் கதை, ஒரு பக்கம் கிளிக் கிளிக். நோட்டன் காங்கிரஸக் கலைக்கச் சொல்லிக் கட்டளை போட்டான், ஒருத்தரும் கலையல்ல. 1869ல ரெண்டு கட்சியையும் ஒழிச்சான், அதுகள் இண்டைக்கும் இருக்கு. அம்பது சதத்துக்குத் தானே தாள் காசு அடிச்சான், ஊருல உள்ள கடைகள்ல அத வாங்கினாங்க. ஒரு சின்ன லொட்ஜ் அறைல இருந்தான், நாளுக்கு அம்பது சதம் வாடகை. 1867ல ஒரு பொலிஸ்காரன் இவனுக்கு விசர் எண்டு புடிச்சு அடைக்க, ஊரே எழும்பிட்டு. இந்த மனுசன் ரத்தம் சிந்தல்ல, ஆரையும் கொள்ளையடிக்கல்ல, ஒரு நாட்டையும் சூறையாடல்ல எண்டு பத்திரிகை எழுதிச்சு. பொலிஸ் பெரியவர் விட்டுட்டார், அதுக்குப் புறகு ரோட்டுல கண்டா பொலிஸ்காரர் சலூட் அடிச்சவங்களாம். 1870ல சனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவன் தொழில் எண்ட இடத்துல சக்கரவர்த்தி எண்டே எழுதிட்டுப் போனான். உடுப்புப் பழசானா நகரசபைதான் புதுசு எடுத்துக் குடுத்திச்சு.

"1872ல ஓக்லண்டுக்கும் சான் பிரான்சிஸ்கோக்கும் நடுவால கடலுக்கு மேல பாலம் போடச் சொல்லிக் கட்டளை போட்டவன் ஐயா. எல்லாரும் சிரிச்சாங்க. 1936ல பாலம் திறந்தாங்க."

அப்பா தலையாட்டினார். "நாங்களும்தான் மனே பாலம் பாலம் எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தம். மண்முனைல பாதைக்கு நிண்டு நிண்டு எத்தின சீவன் வழியிலயே போயிருக்கும். 2014லதானே தந்த." பாதை எண்டா தெரியாத ஆக்களுக்கு, வாவில ஆளையும் வாகனத்தையும் ஏத்தி இறக்குற மிதவை. அப்பா முழு ஆயுசும் அதிலதான் நெல்லு ஏத்தினவர்.

அந்த நேரம் எடுத்த படம்தான் இப்ப எங்கட வீட்டு மண்டபத்துல இருக்கு. தொப்பி கொஞ்சம் சரிஞ்சு, கண் கமராவப் பார்க்கல்ல, யன்னலால வாவிப் பக்கம் பார்க்குது. தருமரா ஆடக்க இப்பிடித்தான் இருந்தவர் எண்டு அம்மா சொல்றா.

நோட்டன் 1880 ஜனவரி 8 மழைல ரோட்டோரமா விழுந்து செத்தவன், சவ ஊர்வலத்துக்கு பத்தாயிரம் பேர் வந்த எண்டு சொல்லுவாங்க. முதலாளி அந்த இடத்துக்கு வரக்க கமராவ மூடிட்டார். அப்பா தொப்பியக் கழட்டி மடில வச்சுக்கொண்டுதான் கேட்டவர்.

சேர்விஸ் எண்டு பார்த்தா, உதவிக்கு நிக்கிற ரெண்டு பொடியன்களையும் தனியாச் சொல்லணும். அப்பா உடுப்புப் போட்ட நேரத்துல இருந்து கழட்டுற மட்டும் ஒருக்கா கூடச் சிரிக்கல்ல அதுகள். தண்ணி குடுக்கக்க ரெண்டு கையாலயும் குடுத்தாங்க. "சக்கரவர்த்தி, கால இஞ்சால வைங்க" எண்டுதான் சொன்னாங்க. இத ஆரு பழக்கினதோ தெரியாது, பல பெரிய ஹோட்டல்ல இந்தப் பழக்கம் இல்ல.

அல்பம்தான் பிழை. ரெண்டு கிழமை எண்டாங்க, அஞ்சு கிழமை எடுத்திச்சு, வட்ஸ்அப்ல கேட்டா "நாளைக்கு அண்ணே" எண்டு மட்டும் பதில் வரும். வந்தத விரிச்சுப் பார்த்தா அப்பா வெள்ள வெளேரெண்டு இருக்கார், வயல்ல நிண்டு கறுத்த மனுசன மாப் பூசி விட்ட மாதிரி. கீழ எழுத்துல "சக்கரவத்தி" எண்டு ர்-ரையும் விழுங்கிட்டாங்க. திருப்பி அடிக்கச் சொன்னன், எழுத்துக்குக் காசு எடுக்கல்ல, நிறத்துக்கு 1,500 கேட்டாங்க. அவங்க வெள்ளையாக்கினத நாங்க கறுப்பாக்கக் காசு குடுக்கணுமாம்! கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் 750க்கு இறக்கினன்.

இனி ராசா காசு. உள்ளங்கையளவு தாள், நடுவுல அப்பாட முகம் தொப்பியோட, நாலு மூலையிலயும் 50 சதம் எண்டு போட்டிருக்கும். படம் எடுத்த அண்டைக்கே கலர் பிரிண்டர்ல அடிச்சுத் தந்திட்டாங்க. கீழ தேத்தண்ணிக் கடைல அதக் குடுத்தா ஒரு தாளுக்கு ஒரு பிளேன்டீ, கணக்க ஸ்டூடியோக்காரர் புறகு முடிப்பாங்க, பெக்கேஜுக்குள்ள வாறது. அப்பாக்கு நாங்க இதச் சொல்லல்ல. இறங்கி வந்து பெஞ்சுல இருந்து தேத்தண்ணி குடிச்சுட்டு, பகிடிக்கு ஒரு தாள எடுத்து நீட்டினார். கடைக்காரர் கைய சாரத்துல துடைச்சுட்டு ரெண்டு கையாலயும் வாங்கி, வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்து, லாச்சிக்குள்ள போட்டார். அப்பா என்னத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே.

மிச்சம் 19 தாளையும் சேட்டுப் பொக்கற்றுல மடிச்சு வச்சுக்கொண்டு ஊருக்கு வந்தார். போன கிழமை எங்கட ஊர்ச் சந்திக் கடைக்காரர் என்ன மறிச்சார். "தம்பி, அப்பா ஆறு தேத்தண்ணியும் நாலு வடையும். காசு தந்தவர், ஆனா..." எண்டு லாச்சியத் திறந்து பத்து அப்பாவ எடுத்து மேசைல வச்சார். வாங்காம விடேலாதாம், தருமர் நீட்டுறார் எண்டுட்டு அவரும் சிரிக்கல்ல. நான் கணக்க முடிச்சன். தாளத் திருப்பி எடுக்கல்ல, அங்கேயே இருக்கட்டும் எண்டு சொல்லிட்டன்.

ஸ்டூடியோக்குப் ஃபோன் பண்ணிக் கேட்டன். கூடுதலா அடிக்கிறதுக்கு ஒரு தாள் 15 ரூபா. 100 சொல்லியிருக்கன், இந்த முறை முகத்த வெள்ளையாக்க வேணாம் எண்டும் சொல்லியிருக்கன்.